வெள்ளவத்தைத் தொடர்மாடிக்குக் கீசர் வாங்க முன் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இதுதான். யாழ்ப்பாணத்தில் இருந்து வயதான அம்மா அப்பாவை வெள்ளவத்தைக்குக் கூட்டி வந்திருக்கிறீர்கள். எட்டு மாடிக் கட்டடத்தில் ஆறாம் மாடி, கொஞ்சம் பழைய ஃபிளாட். இரண்டு குளியலறைக்கும் சுடுதண்ணீர் வேண்டும். கடையில் 5.5 கிலோவாட் உடனடி ஹீட்டரும் (தாங்கி இல்லாமல், ஓடும் தண்ணீரை அப்போதே சூடாக்குவது), அதோடு தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரமும் வாங்கச் சொல்கிறார்கள். சேப்டி வால்வும், சூட்டில் விரியும் தண்ணீரை ஏற்கும் விரிவுத் தாங்கியும் இல்லாமல் டொரொன்டோவில் கீசர் பூட்ட விடமாட்டார்கள் என்கிறார் அங்கே இருக்கும் மச்சான். பைப் வேலை செய்யும் பாஸோ, இதொன்றும் தேவையில்லை, அரை நாளில் பூட்டித் தருகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கடைக்காரர் சொன்ன இரண்டும் உங்களுக்குத் தேவையில்லை. மச்சான் சொன்னதில் பாதி கட்டாயம் தேவை. பாஸை அவர் போக்கில் விட்டால் ஆபத்து. ஏன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வி கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் வத்தளையிலும் பல வீடுகளில் இருக்கிறது.

தண்ணீரில் இருந்து தொடங்குவோம். ஹீட்டர் பற்றி வாசிக்கக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை வன்னீர், அதாவது சுண்ணாம்பு நிறையக் கரைந்த தண்ணீர், உள்ள ஊர்களில் இருப்பவர்கள் எழுதியவை. உங்கள் அம்மா அப்பாவின் அனுபவமும் அப்படித்தான். யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. மழைத்தண்ணீர் அந்தக் கல்லுக்குள் இறங்கி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. அந்தத் தண்ணீரைச் சூடாக்கினால் கரைந்திருந்த சுண்ணாம்பு திரும்பக் கல்லாகிப் படிகிறது. ஊரில் கேத்தலின் அடியில் வெள்ளையாகத் தடித்து நிற்பது அதுதான். கீசருக்குள்ளும் அதே கதைதான் நடக்கும். சூடாக்கும் கம்பியைச் சுற்றிச் சுண்ணாம்பு ஓடு கட்டிவிட்டால் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பிக்குள்ளேயே தங்கிவிடும், கடைசியில் கம்பி எரிந்துபோகும். தண்ணீர் 60 பாகைக்கு மேல் போகப் போக இந்தப் படிவு வேகமாக வளரும்.

கொழும்பில் பைப்பில் வரும் தண்ணீர் இதற்கு நேர் எதிரானது. அதில் பெரும்பங்கு களனி கங்கையில் இருந்து அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரிக்கப்படுகிறது. பியகமவில் எடுப்பதும் களனித் தண்ணீர்தான். அதோடு லபுகம, களட்டுவாவ என்ற இரண்டு பழைய நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. லபுகம 19ஆம் நூற்றாண்டிலேயே கொழும்பின் தாகத்துக்காகக் கட்டப்பட்டது. களனி சிவனொளிபாத மலைப் பக்கத்தில் தொடங்கி, எளிதில் கரையாத கடினப் பாறைகளின் மேலாக, நிறைய மழையோடு ஓடி வருகிறது. வழியில் கரைத்துக்கொள்ளச் சுண்ணாம்பு அதிகம் இல்லை. தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பின் அளவைத்தான் வன்மை என்கிறோம். லீட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் குறைந்த வன்மை உள்ள தண்ணீரை மென்னீர் என்று வகுப்பார்கள். களனித் தண்ணீர் அந்த வகுப்பில்தான் வருகிறது. நமது குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614, வன்மைக்கு வைத்திருக்கும் மேல் எல்லை 250 மில்லிகிராம். யாழ்ப்பாணத்தில் பல கிணறுகள் அந்த எல்லையையே தாண்டி நிற்கும். டொரொன்டோவில் ஒன்டாரியோ ஏரியில் இருந்து வரும் தண்ணீர்கூட 120 மில்லிகிராம் அளவில் இருக்கும்.

ஆகவே ஏற்கெனவே மென்மையாக உள்ள தண்ணீரை இன்னும் மென்மையாக்கக் காசு கொடுக்க வேண்டாம். அந்த இயந்திரம் கல்சியத்தை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தைத் தருகிறது. களனித் தண்ணீரில் அதற்கு எடுப்பதற்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் கொழும்புத் தண்ணீர் கீசருக்கு நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். மென்னீருக்கு வேறொரு குணம் உண்டு: அது உலோகத்தை அரிக்கும். வன்னீர் குழாயின் உட்சுவரில் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சை விடும், அந்தப் பூச்சு உலோகத்துக்கு ஒரு காப்பு. மென்னீரில் அந்தக் காப்பு உருவாவதில்லை. சூடு சேரும்போது அரிப்பு இன்னும் வேகமாகும். சுத்திகரிப்பு நிலையத்தில் காரகாடித்தன்மையை (pH) சரிப்படுத்தித்தான் அனுப்புகிறார்கள், 6.5இற்கும் 8.5இற்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது தரம். ஆனாலும் அரிப்பைத் தடுக்கும் அளவுக்கு அந்தத் தண்ணீரில் உப்புக்கள் இல்லை. கொழும்பில் கீசர்கள் சாவது பெரும்பாலும் படிவால் அல்ல, தாங்கி துருப்பிடித்து ஓட்டை விழுவதால்.

இதற்குத்தான் கீசருக்குள் ஒரு மக்னீசியக் கம்பியை வைத்திருக்கிறார்கள். அனோட் என்பார்கள். தாங்கியின் இரும்பு அரிபடுவதற்குப் பதிலாக இந்தக் கம்பி தன்னை அரிக்கக் கொடுக்கிறது. உள்ளே பூசியிருக்கும் எனாமலில் எங்காவது ஒரு சின்ன வெடிப்பு இருந்தாலும் அனோட் இருக்கும்வரை தாங்கி தப்பிக்கும். அது கரைந்து முடிந்த அன்றைக்குத் தாங்கியின் முறை தொடங்குகிறது. உத்தரவாதக் காலம் முடிந்து கொஞ்ச நாளிலேயே கீசர் ஒழுகத் தொடங்குகிறது என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்களில் எத்தனை பேர் அனோட்டைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள்? அப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்றே பலருக்கும் யாரும் சொன்னதில்லை. முதல் வருட முடிவில் கழற்றிப் பாருங்கள். எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை வைத்து உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு அடுத்த தடவை எப்போது என்று முடிவு செய்யலாம். பாதிக்கு மேல் மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஒரு கீசரின் விலையோடு பார்த்தால் அனோட்டின் விலை மிகச் சிறியது. வாங்கும்போதே கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த மாடலுக்கு அனோட் தனியாகக் கிடைக்குமா? கீசரைச் சுவரில் இருந்து இறக்காமல் அதை மாற்ற முடியுமா? இரண்டுக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள்.

பழைய ஃபிளாட் என்றபடியால் இன்னொன்று. சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது என்று பாருங்கள். பழைய கல்வனைசு இரும்புக் குழாய் என்றால் காலையில் முதலில் திறக்கும்போது தண்ணீர் பழுப்பாக வரும். செப்புக் குழாய் என்றால் பேசினில் தண்ணீர் சொட்டும் இடத்தில் நீலப்பச்சைக் கறை தெரியும், தண்ணீர் செப்பை அரிக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இந்த இரண்டு உலோகமும் நேருக்கு நேர் தொடுகிற இடத்தில் அரிப்பு பல மடங்காகும். கீசரின் இரும்புக் கழுத்தில் செப்புக் குழாயை நேரடியாக முறுக்கிவிடக் கூடாது, நடுவில் மின்னோட்டத்தைத் தடுக்கும் இணைப்பு ஒன்று வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் ஃபிளாட்டுக்கு வருவது பைப் தண்ணீர்தான் என்ற நம்பிக்கையில். அதை உறுதிப்படுத்த வேண்டியது உங்கள் பொறுப்பு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கரையோரத்தில் குழாய்க் கிணறு வைத்திருக்கும் கட்டடங்கள் இருக்கின்றன. சிலவற்றில் அந்தத் தண்ணீர் மலசலகூடத்துக்கு மட்டும் தனிக் குழாயில் போகும், அது நல்ல ஏற்பாடு. தண்ணீர் வெட்டு வரும் நாட்களில் கீழ்த் தாங்கியிலேயே இரண்டையும் கலந்துவிடும் கட்டடங்களும் உண்டு. அப்போது நிலைமை தலைகீழாகிவிடும். கடலுக்குப் பக்கத்தில் எடுக்கும் நிலத்தடித் தண்ணீரில் குளோரைட் ஏறும், வன்மையும் ஏறும். குளோரைட்டுக்கு எஸ்எல்எஸ் 614 வைத்திருக்கும் எல்லையும் 250 மில்லிகிராம்தான். அதைத் தாண்டிய உவர்த் தண்ணீர், துருப்பிடிக்காது என்று விற்கும் ஸ்டெயின்லெஸ் தாங்கியையும் ஊசி குத்தியதுபோல் துளைக்கும். ஒட்டுப் போட்ட இடங்களில்தான் முதலில் தொடங்கும். அதனால்தான் ஸ்டெயின்லெஸ் கீசர் செய்யும் நிறுவனங்கள் பல, உத்தரவாதப் பத்திரத்தில் குளோரைட்டுக்கு ஓர் எல்லை எழுதி வைத்திருக்கின்றன. கையெழுத்திட முன் அந்தச் சின்ன எழுத்தை வாசியுங்கள். உவர்த் தண்ணீர் வரும் வாய்ப்பு இருந்தால் எனாமல் பூசிய தாங்கி, அதில் அலுமினிய அனோட் என்று எடுப்பது பொருத்தம்.

பைப் தண்ணீரிலேயே உப்புச் சுவை வருவதும் இங்கே நடக்கிற விஷயம்தான். கடும் வறட்சியில் களனியின் நீரோட்டம் குறையும்போது கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி அம்பத்தலை வரைக்கும் போயிருக்கிறது. மணல் அள்ளி ஆற்றின் அடி பள்ளமானதும் அதற்கு ஒரு காரணம். அதைத் தடுக்கத்தான் அங்கே உப்புத் தடுப்பு கட்டினார்கள். அப்படியான நாட்கள் ஒரு கீசரைக் கெடுத்துவிடாது, ஆனால் அந்த வருடம் அனோட்டைக் கொஞ்சம் முன்கூட்டியே பாருங்கள்.

எதையும் ஊகிக்க வேண்டாம், ஒரு போத்தல் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். பௌத்தாலோக்க மாவத்தையில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்தில் செய்வார்கள், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. வன்மை, குளோரைட், காரகாடித்தன்மை, இரும்பு, மின்கடத்துதிறன் ஆகிய ஐந்தும் போதும். மாதிரியை உங்கள் குளியலறைக் குழாயில் இருந்து எடுங்கள். கட்டடத்தின் மீட்டரடியில் எடுத்தால் கீழ்த் தாங்கியில் என்ன கலக்கிறது என்று தெரிய வராது. களனிய, கம்பஹாப் பக்கம் கபூக் எனும் செம்பாறை மண்ணில் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இரும்பும் காரகாடித்தன்மையும்தான் முக்கியம். அங்கே தண்ணீர் அமிலத் தன்மையாக இருக்கும், வாளியில் வைத்தால் சிவப்பாகப் படியும்.

சரி, இனிச் சட்டதிட்டம். மச்சான் இருக்கும் நாட்டில் குழாய் வேலைக்கென்றே ஒரு தேசியக் கோவை இருக்கிறது. பரிசோதகர் வந்து பார்த்துச் சரி என்றால்தான் வேலை முடிந்ததாகும். இங்கே விதிகள் இல்லாமல் இல்லை, பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. நீர் வழங்கல் சபைக்கு 1974ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கட்டடத் திட்டத்துக்கு நகர அபிவிருத்தி அதிகாரசபையின் ஒழுங்குவிதிகள், 2021இல் புதுப்பித்தவை. குளிர்த்தண்ணீர் பிவிசி குழாய்க்கு எஸ்எல்எஸ் 147. பெரிய கட்டடங்களுக்குக் குழாய் வேலை வடிவமைக்கும் பொறியியலாளர்கள் பிரித்தானியத் தரங்களைப் பின்பற்றுவார்கள். ஆனால் குடியிருக்கும் ஒரு ஃபிளாட்டின் குளியலறையில் புதிதாக ஒரு கீசர் பூட்டும்போது, சேப்டி வால்வு இருக்கிறதா என்று பார்க்க யாரும் கதவைத் தட்டப் போவதில்லை. அங்கே பரிசோதகர் செய்யும் வேலையை இங்கே வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும். இதை நான் குறையாக மட்டும் சொல்லவில்லை. எதைக் கேட்டு வாங்குவது என்று தெரிந்தால் இங்கேயும் அதே பாதுகாப்போடு பூட்டலாம்.

சபையின் விதிகளில் உங்களைத் தொடுபவை இரண்டு. பிரதான குழாயில் மோட்டரை நேரடியாகப் பொருத்தித் தண்ணீர் இழுக்கக் கூடாது. கிணற்றுத் தண்ணீர்க் குழாயையும் பைப் தண்ணீர்க் குழாயையும் ஒன்றோடொன்று இணைக்கக் கூடாது. இரண்டாவதை மீறினால், தெருக் குழாயில் அழுத்தம் விழும் நேரத்தில் உங்கள் கிணற்றுத் தண்ணீர் அயலாரின் பைப்புக்குள் போகும். முதலாவதன் விளைவைத்தான் எல்லாத் தொடர்மாடிகளிலும் காண்கிறோம்: தெருக் குழாயில் இருந்து கீழ்த் தாங்கி, அங்கிருந்து மோட்டர், கூரையில் மேல் தாங்கி, பிறகு வீடுகளுக்கு இறக்கம். உங்கள் ஷவரில் வரும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது தெருக் குழாய் அல்ல, கூரைத் தாங்கிக்கும் உங்கள் ஷவருக்கும் இடையில் உள்ள உயரம்தான்.

கணக்கு எளிது. 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். எட்டு மாடியில் ஆறாம் மாடி என்றால் உங்கள் தரையில் இருந்து கூரைக்கு 9 மீட்டர் அளவில், தாங்கியின் பீடத்தையும் கூட்டி ஷவரின் உயரத்தைக் கழித்தால் 8 மீட்டருக்குச் சற்றுக் கூட. அதாவது 0.8 பார். இது போதும். மோட்டர் வைத்த ஹீட்டர் உங்களுக்குத் தேவையில்லை. இதே கட்டடத்தில் எட்டாம் மாடியில் இருப்பவருக்கு 0.3 பார்கூடக் கிடைக்காது. அவர் சாதாரண உடனடி ஹீட்டரை வாங்கினால் ஓட்டம் போதாமல் உள்ளே இருக்கும் சுவிட்ச் இயங்காது, ஹீட்டர் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பிக் கொண்டு போவார். அவருக்குத்தான் மோட்டரோடு வரும் மாடல் வேண்டும். இருபது முப்பது மாடிக் கட்டடங்களில் பிரச்சினை மறுபக்கம்: கீழ் மாடிகளில் அழுத்தம் கூடிவிடும், அழுத்தம் குறைக்கும் வால்வு இல்லாமல் கீசர் பூட்டக் கூடாது.

மச்சான் சொன்ன விரிவுத் தாங்கிக்கு வருவோம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், இதில்தான் உயிர் இருக்கிறது.

தண்ணீர் சூடானால் விரியும். 50 லீட்டர் கீசரில் 28 பாகைத் தண்ணீரை 65 பாகைக்கு ஏற்றினால் முக்கால் லீட்டர் அளவு கூடும். தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது, அந்த முக்கால் லீட்டர் எங்காவது போயாக வேண்டும். பழைய முறையில் அது வந்த குழாய் வழியாகவே கூரைத் தாங்கிக்குத் திரும்பிவிடும். இப்போது கீசரோடு ஒரு சின்னப் பித்தளை வால்வு வருகிறது, சேப்டி வால்வு என்பது இதைத்தான். அது இரண்டு வேலை செய்கிறது. சூடான தண்ணீர் குளிர்க் குழாய்க்குத் திரும்பாமல் தடுக்கும், உள்ளே அழுத்தம் எல்லை மீறினால் வெளியே விடும். பெரும்பாலும் 8 பாரில் திறப்பதாக இருக்கும். திரும்பும் வழி அடைபட்டதால் ஒவ்வொரு தடவை சூடாகும்போதும் அந்த வால்வில் இருந்து கொஞ்சம் சொட்டும். அது பழுதல்ல, அப்படித்தான் வேலை செய்ய வேண்டும்.

இந்தச் சொட்டுத்தான் இங்கே மிகப் பெரிய ஆபத்துக்குக் காரணமாகிறது. குளியலறைச் சுவர் ஈரமாகிறது என்று வீட்டார் முறையிட, வந்தவர் அந்தத் துவாரத்தை ஒரு மூடி போட்டு அடைத்துவிட்டுப் போவார். அல்லது வால்வையே கழற்றிவிட்டுச் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் சாதாரண நொன் ரிட்டேர்ன் வால்வைப் போடுவார். சொட்டு நின்றுவிடும், எல்லோருக்கும் திருப்தி. அதன் பிறகு ஒருநாள், சூடு போதுமானதும் கரண்டை நிறுத்தும் தேர்மோஸ்டட் ஒட்டிக்கொண்டால் சூடு நிற்காமல் ஏறும், அழுத்தம் போக வழியில்லை. 8 பார் அழுத்தத்தில் தண்ணீர் 170 பாகையைத் தாண்டினால்தான் கொதிக்கும். அந்த நிலையில் தாங்கி கிழிந்தால் உள்ளே இருக்கும் தண்ணீரின் ஒரு பகுதி அந்தக் கணத்திலேயே நீராவியாகும், நீராவிக்குத் தண்ணீரைவிட 1,600 மடங்கு இடம் வேண்டும். அது குண்டு வெடிப்பதற்குச் சமம்.

ஆகவே உங்களுக்கு வேண்டியவை: சேப்டி வால்வு கட்டாயம். அதன் வாயில் இருந்து ஒரு சின்னக் குழாய் தொடர்ந்து சரிவாக இறங்கித் தரை வடிகானுக்கு மேலே திறந்தபடி முடிய வேண்டும். அந்தக் குழாயில் எந்த இடத்திலும் அடைப்போ திருகி மூடும் வால்வோ இருக்கக் கூடாது. கீசருக்கும் சேப்டி வால்வுக்கும் நடுவிலும் திருகி மூடும் வால்வு எதுவும் கூடாது. தாங்கியின் மேல் பகுதியில் சூட்டையும் அழுத்தத்தையும் சேர்த்து உணரும் வால்வுக்கு இடம் உள்ள மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். விரிவுத் தாங்கி, 0.8 பாரில் இறங்கும் உங்கள் தண்ணீருக்குக் கட்டாயம் இல்லை. தானாக ஓடும் பிரஷர் மோட்டர் வைத்த வீடுகளுக்கு அதைப் போடச் சொல்வேன். மோட்டர் ஓடி நிற்கும் ஒவ்வொரு தடவையும் தாங்கியின் எனாமல் இழுபடுவதை அது குறைக்கும்.

குழாய் பற்றிக் குறைவாகச் சொன்னால் போதும். எஸ்எல்எஸ் 147 முத்திரை உள்ள சாம்பல் நிறப் பிவிசி குழாய் நல்ல குழாய்தான், குளிர்த்தண்ணீருக்கு. சுடுதண்ணீர் போனால் இளகும், பொருத்திய இடம் விட்டுப் போகும். கீசரில் இருந்து வெளியே போகும் பக்கத்துக்கு, சூட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்களான சிபிவிசி அல்லது பிபிஆர் வேண்டும். கீசருக்குள் போகும் குளிர்க் குழாயிலும் கடைசி ஒரு மீட்டரை அதே குழாயில் போடச் சொல்லுங்கள், சூடு பின்னோக்கியும் வரும். சிபிவிசிக்கு அதற்குரிய பசைதான். கையில் இருந்த பிவிசி பசையைப் பூசிவிட்டுப் போனால் சில மாதங்களில் சுவருக்குள் ஒழுகும்.

எத்தனை பாகையில் வைப்பது? மின்சாரம் மிச்சம் என்று 45இல் வைப்பவர்கள் நிறைய. லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர் 20இற்கும் 45இற்கும் இடையில் நன்றாகப் பெருகும், ஷவரின் நுண் துளிகளோடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவைத் தரும், முதியவர்களைத்தான் அதிகம் தாக்கும். கொழும்பின் கூரைத் தாங்கியில் தண்ணீர் சாதாரணமாகவே 28 பாகையில் நிற்கிறது, அது கீசருக்கு வருவதே அந்த எல்லைக்குள் இருந்துதான். ஆகவே தாங்கிக் கீசரை 60இல் வையுங்கள். கூரைத் தாங்கி எப்போது கழுவப்பட்டது என்று கட்டடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் கேளுங்கள். களனி பெருகித் தண்ணீர் கலங்கலாக வந்த காலங்களுக்குப் பிறகு அடியில் சேறு நிற்கும், அது கீசரின் அடிக்கும் வந்து சேரும்.

60 பாகைத் தண்ணீர் சில வினாடிகளில் தோலைச் சுட்டுவிடும் என்பதும் உண்மை. அப்பாவுக்குக் கை கால் விறைப்போ நீரிழிவோ இருந்தால் சூட்டை உணர்வதற்குள் புண்ணாகிவிடும். அதற்குத்தான் சூட்டை அறிந்து கலக்கும் வால்வு இருக்கிறது. கீசரில் 60, ஷவரில் 40 அளவு. கனடாவின் கோவையிலும் கீசருக்குள் 60, குளிக்கும் இடத்தில் 49இற்கு மேல் போகக் கூடாது என்றுதான் இருக்கிறது. கடைக்காரர் சொன்ன மென்மையாக்கும் இயந்திரத்துக்குச் செலவழிக்க இருந்த காசில் ஒரு பகுதியை இந்த வால்வுக்குப் போடுங்கள்.

இனிக் கரண்ட். 5.5 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 24 ஆம்பியர் இழுக்கும். சாதாரண வீட்டு இணைப்பு 30 ஆம்பியர். அம்மா குளிக்கும்போது குசினியில் யாராவது கேத்தலைப் போட்டால் மொத்தமும் விழுந்துவிடும். அந்த 5.5, குளிர்ந்த தண்ணீர் வரும் இடங்களுக்கானது. நுவரெலியாவில் 15 பாகைத் தண்ணீரைச் சூடாக்க வேண்டும். இங்கே 28இல் தொடங்குகிறோம். 3.5 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு 5 லீட்டர் ஓட்டத்தில் 10 பாகை ஏற்றும், அதாவது 38 பாகை, குளிக்க இதமான சூடு. ஓட்டத்தை 3 லீட்டராகக் குறைத்தால் 44ஐத் தாண்டும். கொழும்புக்கு 3.5 தாராளம்.

அந்த 3.5உம் 15 ஆம்பியர் எடுக்கும் என்பதால் 13 ஆம்பியர் பிளக்கில் குத்தக் கூடாது. சுவிட்ச் போர்டில் இருந்து தனி வயர், தனி பிரேக்கர், குளியலறைக்கு வெளியே இரு முனையையும் துண்டிக்கும் சுவிட்ச். இதைவிட முக்கியம் பூமி வயர். இங்கே சாதாரண வீட்டு இணைப்புக்கு மின்சார வழங்குநர் பூமி இணைப்புத் தருவதில்லை, நாங்களே நிலத்தில் கம்பி அடித்து எடுக்கிறோம். அந்த வழியில் தடை 20 ஓம் என்று வைத்துக்கொண்டால், கீசரின் உடலில் கரண்ட் பாய்ந்தாலும் 11 ஆம்பியர் அளவில்தான் ஓடும். 20 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது. கீசர் உயிருள்ள கரண்டோடு அப்படியே தொங்கும். அப்போது உங்களைக் காப்பாற்றுவது, கரண்ட் கசிந்ததும் துண்டித்துவிடும் 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான். பழைய ஃபிளாட்களில் அது 100 மில்லிஆம்பியராக இருக்கலாம், அல்லது வேலை செய்யாமலே இருக்கலாம்.

அரிக்கும் தண்ணீர் என்று மேலே சொன்னதும் இங்கே வந்து சேர்கிறது. சூடாக்கும் கம்பியின் உறை அரிபட்டு வெடித்தால் தண்ணீர் உள்ளே போய்க் கரண்ட் கசியும், ட்ரிப் விழும். திரும்பத் திரும்ப விழுகிறது என்று ட்ரிப்பைத் தாண்டி வயர் கொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து யாருக்கும் அதைச் செய்ய விடாதீர்கள். ட்ரிப் விழுந்தால் கம்பியை மாற்ற வேண்டும்.

தாங்கிக் கீசரா, உடனடி ஹீட்டரா? அம்மா அப்பாவின் குளியலறைக்கு 50 லீட்டர் தாங்கிக் கீசர், கலக்கும் வால்வோடு. ஓட்டம் மாறினாலும் சூடு மாறாது, வயதானவர்களுக்கு அது முக்கியம். ஒரு தடவை 28இல் இருந்து 60இற்கு ஏற்ற 1.9 அலகு கரண்ட் போகும். மற்றதற்கு 3.5 கிலோவாட் உடனடி ஹீட்டர் போதும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூரிய வெப்ப ஹீட்டர் தனி வீடுகளுக்கு நல்லது, கூரை உங்களுடையதாக இல்லாத ஃபிளாட்டுக்குச் சரிவராது.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது குழாய் வேலையில் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள், என்விகியூ என்றால் விளங்கும். கரண்ட் வேலைக்குத் தனியாகக் கரண்ட்காரர். ஒரே பாஸ் இரண்டையும் செய்ய முன்வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். முடிந்ததும் காசு கொடுக்க முன் அவர்களை வைத்துக்கொண்டே பாருங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அமுக்கினால் உடனே விழ வேண்டும். சேப்டி வால்வின் நெம்பைத் தூக்கினால் தண்ணீர் வடிகானுக்குள் ஓட வேண்டும், நெம்பை விட்டால் நிற்க வேண்டும். கீசர் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு ஷவர் தண்ணீரில் ஒரு வெப்பமானியைப் பிடியுங்கள். 43இற்கு மேல் காட்டினால் கலக்கும் வால்வை அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். அனோட்டை அடுத்து எந்த மாதத்தில் பார்க்க வேண்டும் என்று கீசரின் அடியில் அழியாத மையால் எழுதச் சொல்லுங்கள்.